சுற்றுகிறவனுக்கும் காது உண்டு

16.05.1998, சனி

மரண அறிவித்தல்.

கொழும்பைப் பிறப்பிடமாகவும், விசுவமடு ஆண்டியப்பர் வீட்டுச் சீனிப் பேணியை வதிவிடமாகவும் கொண்ட பற்றறிச் சோடியினர் இன்று பின்னேரம் காலமாகினர். அன்னார்கள் இருமுறை உப்புத்தண்ணீர் ஏற்றப்பட்டும், பலமுறை கூரைத் தகரத்தில் வெயில் காட்டப்பட்டும், கடைசியாக ஆண்டியப்பரின் கடைவாய்ப் பல்லால் கடிக்கப்பட்டும் உயிர் தரித்திருந்தவர்கள். உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்தவர்கள். நல்லடக்கம் கிணற்றடி வாழைக்குக் கீழே நடைபெற்றது. மலர்வளையம் வேண்டாம். வேறு பற்றறி இருந்தால் கொண்டுவரவும்.

தகவல்: டிலக்ஸன், சாரதி.

'சாரதி' என்றது ஏன் என்றால், மூன்று வருடமாக ஓரடியும் நகராமல் சைக்கிள் ஓட்டுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். றேடியோ ஆண்டியப்பருடையது. சைக்கிள் எங்களுடைய அப்பாவினது. அதில் விடியச் சுண்டிக்குளம் போய் இறால் எடுத்துவந்து மத்தியானத்துக்குள் விற்றுவிடுவார். சனி பின்னேரம் அது ஆண்டியப்பர் வீட்டு வளவில் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும். நான் பக்கத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற, டைனமோ இரையும். டைனமோவிலிருந்து ஒரு சோடி வயர் றேடியோவுக்கு, இன்னொரு சோடி ஒரு சின்னப் பல்புக்கு. பல்ப் மஞ்சளாக எரிந்தால் சரியான வேகம். மங்கினால் றேடியோ முனகும். வெள்ளையாக எரிந்தால் ஆபத்து: முதலில் பல்ப் போகும், பிறகு றேடியோ போகும். என் கையில் இன்றுவரை பல்ப் வெள்ளையானதில்லை. இது புளுகு இல்லை, சரித்திரம்.

சுற்றுவது எதற்காக? 'எல்லைக்கோடு' என்ற விளையாட்டு அரட்டைக்காக. நடத்துகிறவர் வீரபாகு. நான் வைத்த பெயர் சீனிப்பாகு. பற்றறியைப்போலச் சீனிக்கும் வன்னிக்குள் வரத் தடை, சீனிப்பாகுக்குத் தடையில்லை. கிழமைக்குக் கிழமை வந்து காதுக்குள் ஒட்டுகிறார். இன்றைய முத்து: "உதைபந்தாட்டம் என்பது கால்களால் ஆடப்படும் சதுரங்கம்." அடுத்த முறை, சதுரங்கம் என்பது கைகளால் ஆடப்படும் உதைபந்தாட்டம் என்பார். பார்த்துக்கொண்டிரு, நாட்குறிப்புக் கொப்பியே.

இந்தப் பேச்சைக் கேட்க ஆண்டியப்பர் குளித்து, சேட் போட்டு, தெறியெல்லாம் பூட்டிக் கதிரையில் வந்து அமர்கிறார். ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்கு ஒராள் கதைக்க வரேக்க வெறும் மேலோட இருக்கிறதே?" என்கிறார். றேடியோவுக்குச் சேட்! செய்திக்குக் கழுத்துப்பட்டி கட்டுவாரோ?


17.05.1998, ஞாயிறு

பூசையில் சுவாமியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்தார். சீனிப்பாகுவைக் கேட்டவனுக்கு அது தனியாகத் தேவையில்லை.

என் கோயில் சேட்டில் டைனமோ எண்ணெய் எப்படிப் பட்டது என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தா. அந்தோனியாரைத்தான் கேட்கவேண்டும், காணாமல் போனதுகளுக்கு அவர்தானே பொறுப்பு, என் ஞாபகமும் காணாமல் போய்விட்டது என்றேன். குட்டு விழுந்தது.


23.05.1998, சனி

இன்றைக்கும் ஒட்டுசுட்டான் சிவனேஸ்வரியின் கடிதம். கிழமை தவறாமல் எழுதுகிறாள், அந்த மனிதரும் கிழமை தவறாமல் வாசிக்கிறார். "எமது அன்பு நேயர், ஒட்டுசுட்டான் சிவனேஸ்வரி அவர்கள்..." என்று இழுக்கும்போது றேடியோவைச் சுற்றி எறும்பு வராதது அதிசயம். அப்படி என்ன எழுதியிருந்தாள்? பிரேசில் வெல்லுமாம். மழை பெய்தால் நனையும் என்றும் எழுதியிருக்கலாம்.

ஒழுங்கைச் சனம் வாயைப் பிளந்து கேட்கிறது. எனக்கு விசர் வந்து, பெடலை மெல்ல இளக்கினேன். பல்ப் மங்கியது. வீரபாகுவின் குரல் கள்ளுக் குடித்த கிடாய்மாதிரி இழுபட்டது.

"டேய் டேய், சுத்தடா தம்பி! ஆளைச் சாகக் குடுத்திடாதை!" என்று ஆண்டியப்பர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"செத்தால்தான் என்ன ஐயா? ஒரு நாளைக்கு இந்தாளின்ர குரலை எரிச்சுத்தான் விடப்போறன், பாத்திருங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். முடிந்து வரும்போது றொசான் கேட்டான். என் கூட்டாளி, மூளை குறைவு, கேள்வி கூட.

"அவ்வளவு பிடிக்காதெண்டால் ஏனடா ஒரு கிழமையும் விடாமல் கேக்கிறாய்?"

"நான் எங்கயடா கேக்கிறன்? சுத்துறன். சுத்துறவனுக்குக் காது இருக்கிறது என்ர பிழையே?"

அவன் தலையைச் சொறிந்தான்.


25.05.1998, திங்கள்

எழுதிவிட்டேன். வீரபாகுவுக்கு. ஒரு தாளின் இரண்டு பக்கமும், ஓரத்திலும். பாராட்டு என்று எவனும் நினைக்கக்கூடாது. இது குற்றப்பத்திரிகை.

சாம்பிளுக்கு ஒன்று: "போன வருடம் ஆவணியில், கோல்காப்பாளன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை என்றீர்கள். மார்கழியில், கோல்காப்பாளன் உருவாக்கப்படுகிறான், பிறப்பதில்லை என்றீர்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பாவி எங்கே இருந்தான்?"

இப்படிப் பன்னிரண்டு. மூன்று வருடத்து உளறல், எல்லாம் மண்டையில் இருந்தது. புனைபெயர் 'விசுவமடு விண்ணன்', கெட்டிக்காரன் என்று அர்த்தம். ஆம்பிளை என்றால் வாசிக்கட்டும். வாசித்தால் அன்றோடு ஆளின் வாய் மூடும்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால், நானும் அந்த ஆளுக்குக் கடிதம் எழுதுகிற கூட்டம் என்று றொசான் ஊர் முழுக்கச் சைக்கிள் மணி அடித்துச் சொல்லுவான். ஒட்டுசுட்டான்காரியும் நானும் ஒன்றா?


06.06.1998, சனி

வாசிக்கவில்லை. தபால் வவுனியா தாண்டிப் போய்ச்சேரவே ஒரு மாதம் ஆகும். எனக்கு அவசரமும் இல்லை.


13.06.1998, சனி

உலகக் கிண்ணம் தொடங்கிவிட்டது. சீனிப்பாகு இன்றைக்கு ஞானியாகி, "ஸ்பெயின் நைஜீரியாவை இலகுவாக வெல்லும். இதில் சந்தேகமில்லை" என்றார். ஆண்டியப்பர் தலையாட்டினார். சேட்டும் சேர்ந்து தலையாட்டியது.

வாசிக்கவில்லை.


14.06.1998, ஞாயிறு

நைஜீரியா வென்றது. இதில் சந்தேகமில்லை.


20.06.1998, சனி

நிகழ்ச்சி பாதி போய்க்கொண்டிருக்க, குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தது. சனமெல்லாம் பங்கருக்குள் பாய்ந்தது. ஆண்டியப்பர் றேடியோவைக் குழந்தைமாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாய்ந்தார். வயர் நீளம், அறுபடவில்லை. சைக்கிள் மேலே. நானும் மேலே.

வீரபாகு அப்போது நேயர் கடிதங்களுக்கு வந்திருந்தார்.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. காரணம் சோம்பல். குந்தியிருந்தவன் எழும்பி, ஓடி, படி இறங்கி, திரும்ப ஏறி — ஆருக்கு ஏலும்? பங்கருக்குள்ளே இருந்து "எமது அன்பு நேயர்..." என்று குரல் வர, மேலே கிபிர் இரைய, உள்ளே இருந்து அம்மா, "டேய் டிலக்ஸன், இறங்கி வாடா நாசமாப் போனவனே!" என்று குளற, மூன்று நிலையத்தையும் ஒரே நேரத்தில் கேட்டேன். குண்டு தருமபுரம் பக்கம் எங்கேயோ விழுந்தது. எங்களுக்கு மண் மட்டும் கொட்டுண்டது.

கிபிர் போனபிறகு அம்மா மேலே வந்து முதுகில் நல்லாய்த் தந்தா. தந்துவிட்டு அழுதா. "ஒரு றேடியோக்காறனுக்காகச் சாகப்போறியோ?" என்றா.

ஆருக்காகவோ? அந்த ஆளுக்காகவோ? சோம்பல் என்று சொன்னேனே, அம்மா.

ஆண்டியப்பர் தன் தேத்தண்ணியை எனக்குத் தந்தார். அதற்குள் சீனி இருந்தது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறாரோ.

வாசிக்கவில்லை.


27.06.1998, சனி

இல்லை. (எது இல்லை என்று கேட்காதே, கொப்பி.)


04.07.1998, சனி

வீரபாகு எரிக்கப்பட்டார். எரித்தவன் நான். சொன்னதைச் செய்கிறவன்.

நடந்தது இதுதான். கடிதங்கள் வாசிக்கத் தொடங்கினார். பல்ப் 'டப்' என்றது. ஆரோ "ஐயோ" என்றார்கள். அடுத்ததாக றேடியோவுக்குள் ஒரு சத்தம், முட்டை பொரிகிறமாதிரி. பிறகு மணம். பிறகு ஒன்றுமில்லை.

முதலில் றொசான்தான் வாய் திறந்தான். "வேணுமெண்டு செய்தவன்! அண்டைக்கே சொன்னவன் எரிப்பன் எண்டு!"

அங்கிருந்த ஒரு கிழவன்: "பின்னை? மூண்டு வருசமாய்ப் பல்பை வெள்ளையாக விடாத கை. அது பிழைக்குமே? வேணுமெண்டுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? கை பிழைத்தது என்று சொன்னால் நான் சாரதியில்லை. வேறு காரணம் சொன்னால் நான்... சரி. "ஓம்" என்றேன். "வேணுமெண்டுதான். இந்தக் கழுதைக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புழுத்துப்போச்சு. உங்களுக்கெல்லாம் விடுதலை வாங்கித் தந்திருக்கிறன், நன்றி சொல்லுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆண்டியப்பர் எழும்பி, சேட்டின் தெறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேட்டை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஏசியிருக்கலாம். ஒரு அறை தந்திருக்கலாம். மனுசன் சேட்டை மடிச்சு வைச்சிட்டுப் போகுது.

நான் வேணுமெண்டுதான் செய்தனான். நீயும் அப்படியே வைச்சுக்கொள், கொப்பி.

—

"அடுத்ததாக விசுவமடுவிலிருந்து ஒரு நேயர். தன்னை விண்ணன் என்று அழைத்துக்கொள்ளும் இவர்..."

இவர்? இவர் என்ன? இவர் என்னடா? சொல்லித் துலைச்சிருக்கலாமே கெதியாய்! ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து...


05.07.1998, ஞாயிறு

அப்பா காதும் காதும் வைத்தமாதிரிக் கேட்டுவிட்டு, காதைப் பிடித்தே முறுக்கினார். "இனி டைனமோவில கை வைச்சாயெண்டால் கையை முறிப்பன். அந்த ஆண்டியப்பர் மனுசன் ஆருக்கு என்னடா செய்தது?"

ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லைத்தான். இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்கிறார்கள்?


07.07.1998, செவ்வாய்

ஆண்டியப்பர் றேடியோவைச் சாரத்துணியில் சுற்றி, இரவல் சைக்கிளின் கரியரில் வைத்துக் கட்டி, புதுக்குடியிருப்புத் திருத்துகிறவனிடம் கொண்டுபோனார். எரிந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் வன்னியில் இல்லையாம். செத்த செற் ஏதாவது வந்தால் அதிலிருந்து கழற்றிப் போடலாமாம். மருத்துவத்தில் இதற்கு உறுப்புத்தானம் என்று பெயர்.

வழியில் என்னைக் கண்டார். 'டேய் சாரதி' என்று கூப்பிடுகிறவர். இன்றைக்கு வேலியைப் பார்த்துக்கொண்டு போனார்.


09.07.1998, வியாழன்

தருமபுரம் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். சும்மா. அங்கே இருந்தவர்களிடம் நைசாகக் கதை விட்டேன்: "சனிக்கிழமை எல்லைக்கோடு கேட்டனீங்களோ? ஆரோ ஒருத்தனைப் பற்றிச் சொன்னவராம்."

"அதையெல்லாம் ஆர் தம்பி கேக்கிறது?" என்றார் கடைக்காரர்.

மூன்று வருடமாக இதைத்தான் நான் சொல்லிவந்தேன்: அந்த நிகழ்ச்சியை மனிதப் பிறவி கேட்காது என்று. நான் சொன்னது சரி என்று இன்று நிரூபணமாயிற்று. சரியாக இருந்ததில் இவ்வளவு ஆத்திரம் எனக்கு இதற்கு முன் வந்ததில்லை. நாலு கடை, இரண்டு கோயில், ஒரு சலூன். ஒரு காது இல்லை!


11.07.1998, சனி

நல்ல அமைதி. அணில் கத்துவது கேட்கிறது. இவ்வளவு காலமும் இந்த அணில் எங்கே இருந்தது?

நாலரைக்கு அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் பின்சில்லைச் சுற்றிப் பார்த்தேன். சில்லு நெளிவோ என்று சோதிக்கத்தான். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா. "ஒண்டையும் பூட்டாமல் என்னத்தையடா இவ்வளவு நேரம் சுத்துறாய்?" என்றா.

"சில்லு நெளிவு."

"சில்லோ?" என்றா. அந்த 'சில்லோ' எனக்குப் பிடிக்கவில்லை.


13.07.1998, திங்கள்

பிரான்ஸ் மூன்று, பிரேசில் முட்டை. சந்தியில் யாரோ சொன்னார்கள். சீனிப்பாகு பிரேசில் என்றுதான் சொல்லியிருப்பார். சொன்னாரோ, இல்லையோ? எனக்கு எப்படித் தெரியும்? இதைக்கூடப் பிழை பிடிக்க முடியாமல் ஆக்கிவிட்டான்கள்.

ஆக்கிவிட்டான்கள் இல்லை. ஆக்கிவிட்டேன்.

ஒரு யோசனை. அந்த நிகழ்ச்சியை நிச்சயமாகக் கேட்கிற ஒரு பிறவி இந்த வன்னியில் உண்டு. ஐயோ, அவளிடமா?


19.07.1998, ஞாயிறு

நேற்று ஒட்டுசுட்டான் போனேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் சின்னம்மாவுக்கு அம்மா கருவாடு கொடுக்கவேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தா. நானாகவே கொண்டுபோகிறேன் என்றதும் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலோ என்று பார்த்தா. அப்பா சைக்கிள் தந்தார், டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டு.

வழி முழுக்க யானை லத்தி. ஒன்றில் இன்னும் ஆவி பறந்தது. யானை என்னைப் பார்த்துவிட்டு, இவன் சிவனேஸ்வரியைப் பார்க்கப் போகிறவன், இவனுக்கு அந்தத் தண்டனையே போதும் என்று காட்டுக்குள் போயிருக்கவேண்டும்.

சந்தியில் கேட்டேன். "றேடியோவுக்குக் கடிதம் எழுதுறவாவோ? மெசின் அக்கா எண்டு கேளும், ஆரும் காட்டுவினம்."

நான் நினைத்திருந்தது: இரட்டைப் பின்னல், பவுடர், நாற்பது குஞ்சம் வைத்த கடிதத்தாள். இருந்தது: முப்பத்தைந்து வயது, வாயில் குண்டூசி, கழுத்தில் அளவுநாடா. தாவாரத்தில் காலால் மிதிக்கிற ஒரு தையல்மெசின். அந்த மெசினின் சில்லோடு ஒட்டவைத்து — கொப்பி, கேள் — ஒரு சைக்கிள் டைனமோ! அவா மிதித்தால் ஊசியும் ஓடும், றேடியோவும் பாடும். ஒரே மிதியில் இரண்டு. பல்ப் ஊசிக்கு மேலே தொங்குகிறது, தையலுக்கும் வெளிச்சம். மூன்று!

நான் மூன்று வருடம் கவிழ்த்த சைக்கிளோடு குந்தியிருந்தவன். எனக்கு இதைப் பார்க்க வயிறு எரிந்தது.

"என்ன தம்பி, காற்சட்டையோ?"

"இல்லை அக்கா. போன நாலாம் திகதி எல்லைக்கோடு கேட்டனீங்களோ? விசுவமடுவில இருந்து ஒரு கடிதம் வாசிச்சவராம். என்ர கூட்டாளி ஒருத்தன்ர. அவன்ர றேடியோ அந்த நேரம் பாத்துப் பழுதாப்போச்சு."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினா. எடுத்து முடியுமட்டும் என் முகத்தையே பார்த்தா.

"கூட்டாளியின்ரயோ?"

"ஓம்."

"கூட்டாளி பொல்லாத வாயன் போல."

"பேயன் அக்கா அவன்."

"பன்னிரண்டு பிழையும் ஒண்டும் விடாமல் வாசிச்சவர். அந்தக் கோல்காப்பாளன் எங்க இருந்தவன் எண்ட இடத்தில அந்தாளே சிரிச்சிட்டுது. என்ர நேர்த்தையல் கோணிப்போச்சு, பாரும்." ஒரு தலையணை உறையைத் தூக்கிக் காட்டினா. உண்மையாகவே கோணல். என் கடிதத்தின் கோணல்.

"பிறகு என்ன சொன்னவர்?"

"பன்னிரண்டும் சரியாம்."

"சரியாமோ!"

"பொறும். பிறகு சொன்னார்: என்னைப் புகழுற நேயர்மார் இடைக்கிடை கேக்காமல் விடுவினம். இவர் என்னைப் பேசுறதுக்காக மூண்டு வருசம் ஒரு கிழமையும் விடேல்லை. இப்பிடி ஒரு விசுவாசி எனக்கு வேற இல்லை எண்டு."

பன்னிரண்டு பிழை பிடித்தவன், பதின்மூன்றாவதாய் நானே நிற்பதைக் காணவில்லை. விசுவாசியாம். விசுவமடு விசுவாசி. பகிடியும் வருகுதில்லை.

"எனக்கெண்டால் எரிச்சல்" என்றா அக்கா. "ஒவ்வொரு கிழமையும் எழுதுறவள் நான். என்னை ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. அந்தாள் சொல்லுற ஒரு அணியும் வெல்லாது, அது வேற கதை. கிண்ணம் பிரேசிலுக்குத்தான் எண்டு போன கிழமையும் அடிச்சுச் சொன்னவர்."

"தெரியுமெண்டால் பின்னை ஏன் எழுதுறனீங்கள்?"

"நீர்... உம்மட கூட்டாளி ஏன் எழுதினவர்?"

நாலரை ஆயிற்று. அவா மிதித்தா. வீரபாகு வந்தார். நான் படியில் இருந்து கேட்டேன். கையில் பெடல் இல்லாமல் கேட்பது இதுதான் முதல் தரம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உலகக் கிண்ணத்தைப் பற்றி அலசிக்கொண்டு வந்தவர் நடுவிலே சொன்னார்: "சதுரங்கம் என்பது கைகளால் ஆடப்படும் உதைபந்தாட்டம்."

கடவுளே.

பிறகு அவரே சொன்னார்: "இதை விசுவமடு விண்ணர் குறித்து வைத்திருப்பார்."

அக்கா மிதிப்பதை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தேன். மண்ணில் பார்க்க நிறைய இருந்தது.

வரும்போது பின்னாலிருந்து, "கூட்டாளியை அடுத்த கடிதமும் எழுதச் சொல்லும்!" என்று கத்தினா.


25.07.1998, சனி

அணில்.


01.08.1998, சனி

ஆண்டியப்பரின் றேடியோ உயிர்த்தெழுந்தது. எங்கோ செத்த கசற் செற் ஒன்றிலிருந்து சாமான் கழற்றிப் போட்டார்களாம். அவரே வந்து அப்பாவிடம் சைக்கிள் கேட்டார். அப்பா டைனமோவைப் பூட்டி, முன் லைற்றிலிருந்து பல்பையும் கழற்றிக் கொடுத்தார். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் போனேன். வளவுக்குள் இல்லை, படலையடியில் நின்றேன். சுற்றுகிறவன் றொசான். கண்கொண்டு பார்க்க ஏலாது! மாடு செக்கிழுக்கிறமாதிரி ஒரு இழுவை, பிறகு ஒரு பாய்ச்சல். பல்ப் மஞ்சள், மங்கல், மஞ்சள், மங்கல். வீரபாகு ஒரு சொல் மேலே, ஒரு சொல் கிணற்றுக்குள்.

அப்படி ஏறி இறங்கி வந்த குரல் சொல்லிற்று: "மூன்று வருடம் ஒரு கிழமையும் விடாமல் கேட்டு என் பிழை பிடித்த விசுவாசி, விசுவமடு விண்ணரிடமிருந்து இன்னும் கடிதமில்லை. என்னைப் பேசுவதை நிறுத்திவிட்டாரோ? சுகமாக இருக்கிறாரோ தெரியவில்லை."

வளவு கலகலத்தது. "ஆரடா அது? றேடியோ எரிஞ்ச அண்டைக்கும் இந்தப் பேர்தானே வந்தது? எங்கட விசுவமடுவோ?" "தபால்கந்தோர் ஐயாவாய் இருக்கும்." "சீச்சீ, அவருக்குக் காது கேளாது."

ஆண்டியப்பர் மட்டும் சிரிக்கவில்லை. "என்னைவிட வடிவாய்க் கேட்ட ஒருத்தன் இந்த ஊரில இருந்திருக்கிறான்" என்றார். "எனக்குத் தெரியாமல் போச்சே. தெரிஞ்சிருந்தால் கூப்பிட்டுக் கதிரை போட்டிருப்பன்."

அந்த நேரம் பார்த்து றொசான் பெடலை வேகமாய் இழுத்தான். பல்ப் வெள்ளையாகத் தொடங்கியது. நான் எப்படிப் படலை பாய்ந்தேன் என்று தெரியாது. "விடடா மொக்கா, எரியப்போகுது!" என்று அவனைத் தள்ளிவிட்டுப் பெடலைப் பிடித்தேன்.

ஆண்டியப்பர் என் கையைக் கண்டார். கண்டதும் றேடியோவிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டார். வீரபாகு சொல்லின் நடுவில் அறுந்தார்.

"கையை எடு."

டைனமோ மட்டும் இரைந்தது. மடித்து வைத்த சேட் இன்றைக்கு அவர் மேலில் இருந்தது, தெறியெல்லாம் பூட்டி. அவர் றேடியோவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். நான் அதை அடிக்க வருகிறமாதிரி.

"ஐயா, நான் வேணுமெண்டு எரிக்கேல்லை."

"அண்டைக்கு ஓமெண்டனி."

"அண்டைக்குப் பொய் சொன்னனான்." பெடலில் இருந்து கையை எடுத்தேன். "அந்த விண்ணன் நான்தான் ஐயா. அந்தாள் என்ர பேரைச் சொன்னவர். நான்... நான் பல்பைப் பாக்கேல்லை. றேடியோவைப் பாத்துக்கொண்டு சுத்திப்போட்டன்."

முதலில் றொசான் சிரித்தான். பிறகு முழு வளவும். குஞ்சு குருமானெல்லாம். படலைக்கு வெளியே போன ஒருவர் என்னவென்று கேட்டு, அவரும் சிரித்தார். இனி இந்த ஒழுங்கையில் எனக்கு விசுவாசி என்றுதான் பெயர், தெரியும். நான் ஒருவருக்கும் விட்டுவைக்காத நக்கலெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

ஆண்டியப்பர் சிரிக்கவில்லை.

"பேர் வந்தால் ஆரடா பல்பைப் பாப்பான்?" என்றார்.

வயரைத் திரும்பப் பூட்டினார். "சுத்து."

சுற்றினேன். மஞ்சள். கடைசிவரை மஞ்சள்.

கொப்பி, உனக்கு மட்டும் இன்னுமொன்று. அம்மா தேடுகிற விடை அது. கோயில் சேட்டில் டைனமோ எண்ணெய் பட்டது எப்படியென்றால், சனிக்கிழமைகளில் நானும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறனான். ஆண்டியப்பர் றேடியோவுக்குச் சேட் போடத் தொடங்குவதற்கு முன்னமே. இன்றைக்கும் படலையடியில் அந்தச் சேட்டோடுதான் நின்றேன். தலையும் வாரி இழுத்திருந்தேன்.